நம்பரக்காவும் இரண்டாவது வாரமும்

எங்கள் மையத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மருந்துக்கு வருகிறவர்களுக்கு எண் உண்டு. வேலை பார்க்கிறவர்களுக்குப் பட்டப்பெயர் உண்டு. உண்மையான பெயர்களெல்லாம் சிஸ்டரின் இரும்பு அலமாரிக்குள், ஒரே ஒரு பதிவேட்டில் பூட்டிக் கிடக்கும். அப்படிப்பட்ட இடத்துக்கு, நாற்பத்து நான்கு வயதில், கணினியில் விவரம் பதியும் வேலைக்கு வந்து சேர்ந்தார் ஒரு பெண்மணி. மூன்றே மாதத்தில் அவருக்கு "நம்பரக்கா" என்று பெயர் விழுந்தது. கைப்பையை மேசையில் வைத்ததும் வைக்காததுமாக மருந்து ஜன்னல் பக்கம் எட்டிப் பார்ப்பார்.

"இருநூத்திப் பதினேழு வந்தாச்சா சிஸ்டர்? நேத்தும் காணோமே."

"வந்தவங்களப் பாக்கவே எனக்கு நேரமில்ல. நீங்க வேற" என்பார் சிஸ்டர்.

மையம் பெரிய மருத்துவமனையின் பின்கட்டில் இருந்தது. முன்பு எக்ஸ்ரே பிரிவு இயங்கிய கட்டடம். சுவர்கள் கனம். ஒரு கதவு ஈயத் தகடு பதித்தது. திறக்க இரண்டு பேர் வேண்டும், அதனால் அது எப்போதும் திறந்தே கிடக்கும். ஹெராயின் போன்ற அபின் வகைப் போதையில் சிக்கி, ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கத்துக்கு வந்துவிட்டவர்களுக்குத் தினமும் மெத்தடோன் கொடுப்பதுதான் எங்கள் வேலை. சிறிய பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பதை சிஸ்டரின் கண்முன்னே குடிக்க வேண்டும். குடித்துவிட்டு ஒரு வார்த்தையாவது பேசிவிட்டுத்தான் நகர வேண்டும். வாயிலேயே அடக்கிக்கொண்டு வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக. அதனால் ஜன்னலில் நாள் முழுக்க "வரேன் சிஸ்டர்", "வெயில் பாத்தீங்களா சிஸ்டர்" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அளவோடு கொடுத்தால் அந்த மருந்து போதை ஏற்றாது. ஆனால் உடம்பு முறுக்கிப் போடும் வேதனையைத் தடுத்துவிடும். வேதனை இல்லையென்றால் ஊசி வேண்டாம். ஊசி வேண்டாமென்றால் ஒரே ஊசியை நாலு பேர் மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டு எச்.ஐ.வி.யை வாங்கிக்கொள்ளவும் வேண்டாம்.

எச்.ஐ.வி. பரிசோதனை அறைதான் என்னுடையது. ரத்தம் எடுப்பதற்கு முன்னாலும், முடிவு வந்த பின்னாலும் உட்கார வைத்துப் பேசும் கவுன்சிலர் நான். வெளியில் இந்த வார்த்தையைச் சொன்னால் வார்டு கவுன்சிலர் என்று நினைத்துக்கொண்டு தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் சொல்வார்கள். எங்கள் தெருவில் இரண்டு பேர் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம்பரக்கா அதற்கு முன் பதினைந்து வருடம் ஒரு துணி ஆலையின் டைம் ஆபீசில் இருந்தவர். ஆயிரத்து இருநூறு பேரின் வருகை அட்டையைப் பார்ப்பது அவர் வேலை. தாமதமாக வந்தவர்களுக்குச் சிவப்பு மையில் குறி வைக்க வேண்டும். அவருக்கு அந்தச் சிவப்பு மையைவிட அட்டையில் இருந்த வெற்றிடங்கள் மேல்தான் கண். ஒருமுறை தையல் பிரிவில் ஒரே வரிசைப் பெண்கள் மட்டும் திங்கட்கிழமைகளில் வராமல் இருப்பதைக் கவனித்து, அந்த வரிசை மேற்பார்வையாளர் வாராவாரம் திங்களன்று எல்லோரையும் நிற்க வைத்துத் திட்டுவதைக் கண்டுபிடித்துச் சொன்னார். ஆளை மாற்றினார்கள், வருகை சரியானது. பிறகு ஆலையே மூடிவிட்டது. எட்டு மாதம் வீட்டில் இருந்தார். "டிவி சீரியல்ல எந்த நாள் எந்த ஆள் வரலன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். பைத்தியம் பிடிச்சிடும்னு பயந்துதான் இங்க வந்தேன்" என்று அவரே சொல்வார்.

சேரும்போது வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு. நாத்தனார் போன் செய்து, "போயும் போயும் அந்த மாதிரி ஆளுங்க நடுவுலயா அண்ணி?" என்றாராம்.

"ஃபேக்டரில மட்டும் எந்த மாதிரி ஆளுங்க இருந்தாங்க? இங்கயும் ரெண்டு கால், ரெண்டு கை, ஒரு நம்பர்தான்" என்று இவர் சொல்லிவிட்டார்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். பேச்சு குறைவு, பேசினால் சிரிக்காமல் பேசுவார். "போ. நீ வராதவங்களத் தேடு, நான் நடுவுல மாட்டிக்கிட்டவங்களத் தேடுறேன்" என்றாராம். அதோடு வீட்டுப் பிரச்சினை முடிந்தது.

வந்த புதிதில் அவருக்குக் கொடுத்த வேலை எளிமையானது. மாதக் கடைசியில் மேல் அலுவலகத்துக்கு ஓர் அறிக்கை போக வேண்டும். பதிவு செய்தவர்கள் இத்தனை, கொடுத்த மருந்து இத்தனை, பரிசோதனை இத்தனை. எல்லாம் மொத்த எண்கள். முதல் மாதம் அவர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, நானூத்திப் பன்னெண்டு பேர்னு போட்டிருக்கு. காலைல நான் எண்ணிப் பாத்தா நூத்தறுபதுக்கு மேல தாண்டலையே. மீதிப் பேரு எங்க?"

"அது இதுவரைக்கும் சேந்தவங்க கணக்குக்கா. போனவங்களும் அதுல இருப்பாங்க."

"எப்பப் போனாங்க?"

எனக்குத் தெரியவில்லை. சிஸ்டருக்கும் தெரியவில்லை. யாரும் எங்களைக் கேட்டதில்லை, நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை. போனவர்களின் கோப்பில் டாக்டரம்மா "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதி மூடுவார். ஏறக்குறைய எல்லாக் கோப்பிலும் அதே இரண்டு சொற்கள்.

அன்றிலிருந்து அவர் பழைய மருந்துப் பதிவேடுகளைத் தூசி தட்டி எடுத்து, ஆள் ஆளாக, நாள் நாளாகக் கணினியில் ஏற்ற ஆரம்பித்தார். மூன்று மாதம் பிடித்தது. ஓர் ஆண்டில் புதிதாகச் சேர்ந்த நூற்றெண்பது பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை. சேர்ந்த நாளிலிருந்து தொண்ணூறு கட்டம். வந்த நாளுக்குப் பச்சை, வராத நாளுக்கு ஒன்றுமில்லை. வண்ணம் தானாக விழும்படி செய்ய அவருடைய கல்லூரி மகள்தான் சொல்லிக்கொடுத்தாள். "அம்மா, இத ஸ்கிரீன்லயே பாக்கலாம், பிரிண்ட் எதுக்கு?" என்று அவள் கேட்டதற்கு, "எனக்குக் குனிஞ்சு பாத்தாத்தான் மூளை வேலை செய்யும்" என்றாராம். அப்படியே நாற்பது தாள் அச்சடித்து, பசை நாடாவால் ஒட்டி, பழைய எக்ஸ்ரே அறையின் தரையில் விரித்துவிட்டார். நாங்கள் சுவரோரமாக நடந்து போக வேண்டியதாயிற்று.

நான்தான் அவரோடு முதலில் குனிந்து பார்த்தேன். இடது பக்கம், முதல் ஏழெட்டு நாள், புல்தரை மாதிரி பச்சை. அதற்குப் பிறகு யாரோ மேய்ந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. ஒன்பதாம் நாள் ஓர் ஓட்டை, பத்தாம் நாள் இரண்டு. மூன்று வெற்றுக் கட்டம் சேர்ந்தாற்போல் விழுந்த வரிசைகளில் பெரும்பாலும் அதற்கப்புறம் பச்சையே இல்லை. நூற்றெண்பதில் தொண்ணூறாம் நாள் வரை நிலைத்து வந்தவர்கள் அறுபத்தொரு பேர். போனவர்களில் பாதிக்கு மேல் இரண்டாவது, மூன்றாவது வாரத்திலேயே போயிருந்தார்கள்.

"மூணு நாள் விட்டா ஏன் திரும்ப வரதில்ல?" என்று கேட்டார்.

அதற்கு சிஸ்டரிடம் பதில் இருந்தது. மூன்று நாள் மருந்து உள்ளே போகாவிட்டால் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். பழைய அளவைக் கொடுத்தால் மூச்சே நின்றுபோகலாம். அதனால் மறுபடி, வேதனையை முழுதாக அடக்காத குறைந்த அளவிலிருந்து தொடங்குவோம். "முதல் வாரத்து வேதனைய இன்னொரு தடவ படணும். அதுக்குப் பயந்து வரமாட்டாங்க" என்றார் சிஸ்டர்.

"சரி. அந்த மூணு நாள் ஏன் விடுறாங்க? அதுவும் எல்லாரும் ஒரே நேரத்துல?"

இதற்குப் பதில் ஒட்டகத்திடம் இருந்தது. ஒட்டகம் எங்கள் களப்பணியாளர். பாலங்களுக்கு அடியிலும் பழைய கிடங்குகளிலும் சுற்றி, புதிய ஊசிகளைக் கொடுத்துப் பழையதை வாங்கி வருபவர். தண்ணீர் கூடக் குடிக்காமல் நாள் முழுக்க நடப்பதால் அந்தப் பெயர். பதினொரு வருடத்துக்கு முன் அவரும் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்தான். அதை அவர் மறைத்ததில்லை. தாள் விரிப்பின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுல என்னக்கா ஆச்சரியம்? முத வாரம் ஆளு செத்த பொணமாட்டம் கெடப்பான். வேலைக்குப் போக முடியாது. அதனால ஒம்பது மணிக்கு ஜன்னல் தொறக்குறப்ப ஒழுங்கா வந்து நிப்பான். ரெண்டாவது வாரம் உடம்பு தேறிடும். தேறிட்டா வேலைக்குப் போவான். ஆள் எடுக்குற முனைல ஏழு மணிக்கு நின்னாத்தான் வேலை. ஏழு மணிக்கு அங்க நின்னா ஒம்பது மணிக்கு இங்க எப்படி நிப்பான்?"

நம்பரக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"அப்போ... நல்லாயிட்டதாலதான் வராமப் போறாங்களா?"

"ஆமாக்கா. நல்லாயிட்டதுதான் தப்பாப் போச்சு."

அன்று மதியம் அவர் சாப்பாட்டுப் பையைத் திறக்கவில்லை. நான் கேட்டதற்கு, "ஒத்துழைப்பு இல்லைன்னு எழுதியிருக்கோம் தம்பி. அதையும் நான்தான் டைப் அடிச்சிருக்கேன்" என்றார்.

டாக்டரம்மா நல்லவர், ஆனால் அவசரக்காரர். காலையில் எங்களிடம், மதியம் பெரிய மருத்துவமனையில், மாலையில் வகுப்பு. எக்ஸ்ரே அறை வாசலில் நின்றபடியே, "ஊக்கம் இல்லாதவங்களுக்கு நாம என்ன செஞ்சாலும்..." என்று ஆரம்பித்தார். நம்பரக்கா தாளருகே குனிந்தார். ஒரு வரிசையைத் தொட்டுக் காட்டினார். "இவரு எட்டு நாள் விடாம வந்திருக்காருங்க. வாந்தி எடுத்துக்கிட்டே வந்திருக்காருன்னு சிஸ்டர் ஓரத்துல எழுதியிருக்காங்க. ஊக்கம் இல்லாத ஆளு அப்படி வருவாருங்களா?"

டாக்டரம்மா உள்ளே வந்தார். கைப்பையைக் கீழே வைத்தார். தரையில் மண்டியிட்டு ஒரு கால்மணி நேரம் தாளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"போனவங்கள்ல எத்தன பேருக்கு அப்புறம் பாசிட்டிவ் வந்தது?"

என் பதிவேட்டில் வேறு எண்கள். ஜன்னலில் இருநூற்றுப் பதினேழாக இருப்பவர் என்னிடம் எண்பத்து நான்காக இருப்பார். ஒட்டகத்தின் நோட்டில் மூன்றாவது எண். ரகசியம் காக்க வேண்டும் என்று நாங்கள் அவரவர் எண் வைத்துக்கொண்டோம். அதில் நியாயமும் இருந்தது. என் பதிவேட்டை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. அப்போதும் கொடுக்கவில்லை. "சம்மதம் இல்லாம சேக்கக் கூடாதுங்க" என்றேன்.

"அப்போ சம்மதம் கேப்போம்" என்றார் நம்பரக்கா, ஏதோ பக்கத்து வீட்டில் ஏணி கேட்பது போல.

கேட்டோம். மறுநாளே ஜன்னல் வரிசையில் சலசலப்பு. தங்கள் விவரமெல்லாம் எங்கோ போகப்போகிறது, வீட்டுக்குத் தெரிந்துவிடும், வேலை கொடுப்பவருக்குத் தெரிந்துவிடும் என்று பேச்சு பரவியது. இருநூற்றுப் பதினேழு நேராக நம்பரக்காவின் மேசைக்கு வந்தார். பெயிண்டர் அவர், காதோரம் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். அன்றைக்கு நீலம்.

"எங்க பேர எங்கயோ அனுப்பப் போறீங்களாமே?"

"உங்க பேரு எனக்கே தெரியாதுங்க. அனுப்பணும்னா முதல்ல எனக்குத் தெரியணுமில்ல? வாங்க, உங்களப் பத்தி இதுக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க."

திரையை அவர் பக்கம் திருப்பினார். ஒரு எண், அதற்கு வலப்பக்கம் பச்சைக் கட்டங்கள். பெயிண்டர் குனிந்து பார்த்தார். கட்டங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"இது நானா?"

"நீங்கதான்."

"இவ்ளோ நாளு வந்திருக்கேனா?" என்றார். பிறகு ஓர் இடத்தில் விரல் நின்றது. நான்கு வெற்றுக் கட்டம். "இது பாலத்துக்குப் பெயிண்ட் அடிச்ச வாரம். ஆறு மணிக்கே வண்டில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. நாலாம் நாளு கை நடுங்கிச் சாரத்துல நிக்க முடியல. இறங்கி வந்துட்டேன். அதுக்கப்புறம் சிஸ்டர் மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிச்சாங்க. ரெண்டு வாரம் செத்துப் பொழச்சேன்."

"இதத்தான் நாங்க தெரிஞ்சுக்கணும். உங்களோடது மட்டும் இல்ல, எல்லாரோடதும்."

அவர் மறுபடியும் திரைப் பக்கம் குனிந்தார். "எனக்கு என் வரிசைய மட்டும் ஒரு தாள்ல போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டார். அச்சடித்துக் கொடுத்தார் நம்பரக்கா. அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனவர், வரிசையில் நின்றவர்களிடம் என்ன சொன்னாரோ, மூன்று நாளில் நூற்று நாற்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்பது பேர் மாட்டேன் என்றார்கள். அவர்களை விட்டுவிட்டோம். போய்விட்டவர்களில் பலரை ஒட்டகம் தேடிப் பிடித்துக் கேட்டு வந்தார்.

சேர்த்துப் பார்த்ததில் வந்தது இது. இரண்டு ஆண்டில், முதல் பரிசோதனையில் எச்.ஐ.வி. இல்லை என்று என் வாயாலேயே நான் சொல்லி அனுப்பிய பத்தொன்பது பேருக்குப் பிறகு தொற்று வந்திருந்தது. அவர்களில் பதினைந்து பேர் எங்களிடம் மருந்துக்கு வருவதை நிறுத்தியவர்கள். ஒவ்வொருவரிடமும் அந்த முடிவை நான்தான் சொல்லியிருந்தேன். அப்போதெல்லாம் ஒவ்வொன்றும் தனித்தனித் துயரமாகத்தான் தெரிந்தது. ஒரே தாளில், ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்ற அந்தப் பதினைந்து வரிசைகளைப் பார்த்தபோதுதான் எல்லாம் ஒரே துயரம் என்று தெரிந்தது. நம்பரக்கா எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அதற்குப் பிறகு வேண்டியது என்னவென்று எல்லோருக்கும் தெரிந்தது. ஜன்னலைக் காலை ஆறு மணிக்குத் திறக்க வேண்டும். தெரிவது ஒன்று, திறப்பது வேறு. முதல் தடை சிஸ்டர்.

"ஆறு மணிக்கா? எங்க வீட்ல சேவல் வச்சிருந்தாக்கூட அது எந்திரிக்காது."

"நீங்க தனியா வர வேண்டாம் சிஸ்டர். நானும் வரேன்."

"நீங்க எதுக்கு? நீங்க என்ன மருந்தா ஊத்தப் போறீங்க?"

"கதவத் தொறக்க ரெண்டாள் வேணுமில்ல?"

அந்தக் கதவு எப்போதும் திறந்தே கிடப்பது என்பது இருவருக்கும் தெரியும். சிஸ்டர் சிரித்துவிட்டார். "மூணு மாசம். அதுக்கப்புறம் என் முழங்கால் என்ன சொல்லுதோ அதான்" என்றார். இளைய நர்ஸ் ஒருவரோடு வாரம் மாற்றி வாரம் வருவதாக ஏற்பாடு.

மேல் அலுவலகம் ஒத்துக்கொள்ள நான்கு மாதம் ஆனது. மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லாமல், டாக்டரம்மாவும் நம்பரக்காவும் நேரிலேயே போனார்கள். தாள் சுருளைப் பாய் மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் போனதாகவும், நடத்துனர் அதற்கு ஓர் இருக்கை கொடுத்ததாகவும் நம்பரக்கா பிறகு சொன்னார். அதிகாரியின் மேசை போதாமல் அறை முழுக்க விரித்திருக்கிறார்கள். அவர் முதலில் கேட்ட கேள்வி, "இதச் செய்யச் சொல்லி உங்களுக்கு யார் உத்தரவு போட்டா?"

"யாரும் போடலைங்க. மீதிப் பேரு எங்கன்னு தெரியணும்னு தோணுச்சு" என்றாராம் நம்பரக்கா.

மூன்று மாதத்துக்குச் சோதனை முயற்சி என்று அனுமதி வந்தது.

ஆறு மணி ஜன்னலின் முதல் நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. நம்பரக்காவின் கணவர் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, போகாமல் வாசலிலேயே நின்றார். யாரும் வராமல் போய்விட்டால் மனைவி முகம் வாடிவிடும் என்ற பயமாக இருந்திருக்கலாம். ஆறே கால் வரை மூன்றே பேர். ஆறரைக்குத் திரும்பிப் பார்த்தால் வரிசை வாகன நிறுத்தம் வரை போயிருந்தது. கையில் கரண்டியும் மட்டப்பலகையுமாக, டிபன் பையுமாக, வேலைக்குப் போகிற கோலத்தில் ஆட்கள். குடித்துவிட்டு, "லேட்டாச்சு சிஸ்டர்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடினார்கள். கணவர் என்னிடம் வந்து, "ஒருத்தரும் நடுவுல மாட்டல. நான் கிளம்புறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொரு வேலையும் தொடங்கியிருந்தோம். தினமும் பதினொரு மணிக்கு, சேர்ந்தாற்போல் இரண்டு நாள் வராதவர்களின் எண்கள் ஒரு துண்டுத் தாளில் வரும். மூன்றாவது வெற்றுக் கட்டம் விழுவதற்கு முன் ஒட்டகம் போன் செய்வார், இல்லையென்றால் சைக்கிளில் போவார். வீட்டில் வேறு யாராவது எடுத்தால் மையத்தின் பெயரைச் சொல்ல முடியாது. "மேஸ்திரி பேசுறேன், ரெண்டு நாளா ஆளக் காணோம்" என்பார். ஒரு மாதத்தில் நகரத்தின் பாதி வீடுகளில் அவர் மேஸ்திரியாகிவிட்டார். ஒரு வீட்டு அம்மா, "உடம்பு சரியில்லாம படுத்திருக்கிற மனுஷன இப்படி வெரட்டுறியே, நீயெல்லாம் ஒரு மேஸ்திரியா?" என்று வாசலில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். "அந்தம்மா சொன்னதும் சரிதான்க்கா. அவருக்கு நெசமாவே காய்ச்சல்" என்று ஒட்டகமே வந்து சொன்னார். காய்ச்சல்காரரை ஆட்டோவில் அழைத்துவந்து மருந்து கொடுத்தனுப்பினோம்.

அரையாண்டு முடிந்து பார்த்தபோது எச்.ஐ.வி. கணக்கு தலைகீழாக இருந்தது. முந்தைய அரையாண்டில் புதிதாகத் தொற்றுக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் ஆறு பேர். இப்போது பதினொருவர். மேல் அலுவலகத்திலிருந்து போன் வந்தது: "உங்க ஏற்பாட்டால கூடியிருக்கே?" டாக்டரம்மா பதில் சொல்ல இரண்டு நாள் அவகாசம் கேட்டார்.

அந்த இரண்டு நாளும் நம்பரக்கா பழைய தாள்களையே புரட்டிக்கொண்டிருந்தார். "நாம நல்லதுன்னு நெனச்சு எதையாவது கெடுத்துட்டோமா தம்பி?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார். நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. இரண்டாம் நாள் பிற்பகல் என் அறைக்கு வந்து எதிர் நாற்காலியில், முடிவு கேட்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில், உட்கார்ந்தார்.

"போன அரையாண்டுல நீங்க எத்தன பேருக்கு ரத்தம் எடுத்தீங்க?"

"எழுபது."

"இந்த அரையாண்டுல?"

பதிவேட்டைப் புரட்டினேன். "இருநூத்தறுபது."

நான் எண்ணைச் சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆட்கள் விடாமல் மருந்துக்கு வந்ததால் பரிசோதனைக்கும் வந்திருக்கிறார்கள். பதினொரு பேரையும் ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தோம். பத்துப் பேர் வாழ்க்கையிலேயே முதல் முறையாக ரத்தம் கொடுத்தவர்கள். தொற்று எப்போதோ வந்து, தெரியாமல் சுமந்துகொண்டிருந்தவர்கள். முன்பு இல்லை என்றிருந்து இப்போது வந்தவர் ஒரே ஒருவர். அவரும் மருந்தை விட்டுப் போனவர். முந்தைய ஆறு பேரில் அப்படிப்பட்டவர்கள் ஐந்து.

"அப்போ கூடல" என்றார் நம்பரக்கா. "வெளிச்சத்துக்கு வந்திருக்கு."

டாக்டரம்மா அதை அப்படியே ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினார். மருந்துக்கு வந்துகொண்டிருந்த அந்தப் பத்துப் பேருக்கும் எச்.ஐ.வி. மாத்திரையை அதே ஜன்னலில், அதே நேரத்தில் கொடுக்க ஏற்பாடு செய்தார். இரண்டு வரிசையில் நிற்க வேண்டாம், யாரும் எதையும் யூகிக்க வேண்டாம். கிண்ணத்தோடு ஒரு மாத்திரை, அவ்வளவுதான். மாத்திரையை ஒழுங்காக எடுத்தால் அவர்களுக்கும் ஆயுள், அவர்களிடமிருந்து அடுத்தவருக்குப் போவதும் நிற்கும்.

ஓராண்டு முடிவில் மறுபடி தாள் விரித்தோம். புதிதாகச் சேர்ந்த இருநூறு பேரில் தொண்ணூறாம் நாள் வரை நிலைத்து வந்தவர்கள் நூற்றிருபத்தொரு பேர். ஆண்டு முழுவதிலும், முன்பு தொற்று இல்லை என்றிருந்து புதிதாக வந்தவர்கள் இரண்டே பேர். இரண்டு பேர்தானே என்றார் இளைய நர்ஸ். நம்பரக்கா அந்த இரண்டு எண்களையும் மனப்பாடமாகச் சொன்னார். இப்போது அந்த இருவருமே ஜன்னலுக்கு வருகிறார்கள். கோப்புகளில் "ஒத்துழைப்பு இல்லை" என்று டாக்டரம்மா எழுதுவதில்லை. காரணம் தெரியவில்லை என்றால், "காரணம் கேட்க வேண்டும்" என்று எழுதுகிறார். சிஸ்டரின் முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. சோதனை முயற்சி என்ற சொல் காகிதத்தில் மட்டும் இன்னும் இருக்கிறது.

நம்பரக்காவுக்கு இப்போது நாற்பத்தெட்டு. வியாழக்கிழமைகளில் அவரை வேறோர் ஊர் மையத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்குக் கட்டம் போடச் சொல்லிக்கொடுக்க. போன வாரம் நானும் கூடப் போனேன். அங்கேயும் தரையில்தான் விரித்திருந்தார்கள். மேசை வாங்கித் தர ஆள் இருந்தும் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது வாரத்தில் இங்கே இருந்த மாதிரி ஓட்டை விழுந்திருக்கும் என்று எதிர்பார்த்துக் குனிந்தேன். இல்லை. ஆட்கள் விடாமல்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

அக்கா பச்சைக் கட்டங்களைப் பார்க்கவே இல்லை. வரிசைகளின் இடது ஓரத்தில் ஆண், பெண் என்று குறித்திருந்த பத்தியில் மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"இருநூத்தி முப்பது பேர்ல பொம்பளைங்க மூணே பேரா?" என்று அந்த மையத்து நர்ஸைக் கேட்டார்.

"இந்தப் பக்கம் பொம்பளைங்க அவ்வளவா ஊசி போடுறதில்லைங்க" என்றார் அந்த நர்ஸ்.

"யாரு சொன்னா?"

நர்ஸ் தாளைத் திரும்பிப் பார்த்தார். "யாரும் சொல்லலைங்க. வரதில்ல, அதனால..." என்று இழுத்தவர், தானே நிறுத்திக்கொண்டார். "அந்த மூணு பேர்ல ஒருத்தங்க இப்பதான் மருந்து குடிச்சிட்டு வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காங்க. கூப்பிடவா?"

"கூப்பிட வேண்டாம். நான் போய்ப் பக்கத்துல உக்காறேன்" என்று சொல்லிவிட்டு, முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டே எழுந்து, வெளியே போனார்.